பணியாளர் எண் உள்ளவரின் சாதனைகள்

கடந்த கல்வியாண்டில் நான் பதினொரு சாதனைகள் புரிந்தேன். அவற்றில் ஏழு நடந்தபோது நான் அந்த இடத்திலேயே இல்லை. இரண்டின்போது இருந்தேன், ஆனால் முன்வரிசையில் தூங்கிவிட்டேன். மீதி இரண்டும் சத்தியமாக நான் செய்தவை. அவற்றைச் சாதனை என்று ஒப்புக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

மைசூரில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை; ஓய்வுபெற இன்னும் சில வருஷங்கள் இருக்கின்றன. தமிழ்ப் பிரிவு மூன்றாவது மாடியில், படிக்கட்டு முடிந்த பிறகு, தண்ணீர்த் தொட்டி தொடங்குவதற்கு முன்னால் இருக்கிறது. பிரிவில் நிரந்தர ஆசிரியர் ஒருவர்: நான். நிரந்தரமில்லாத ஆசிரியர் ஒருவர்: ஓர் அம்மையார். இது அவருடைய வேலையைப் பற்றிய விஷயம். என்னைப் பற்றியதாக அது மாறிப்போனதுதான் வில்லங்கம்.

அவர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வயது நாற்பதைத் தொடவில்லை. முனைவர் பட்டம் வாங்கியவர். இப்படிப்பட்டவர்களை இங்கே 'அதிதி உபன்யாசகர்' என்பார்கள், விருந்தாளி விரிவுரையாளர் என்று. எட்டு வருஷமாக எங்கள் விருந்தாளிதான் காலையில் துறைக் கதவைத் திறக்கிறார். சாயங்காலம் மின்விசிறியை அணைத்துவிட்டுப் போகிறவரும் அவர்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருடைய நியமனம் முடிந்து, மறுபடி தொடங்கும். தொடங்குமா என்பதைத் தீர்மானிப்பது ஒரே கணக்கு. வாரத்துக்கு எங்கள் பிரிவில் முப்பத்திரண்டு மணி நேரப் பாடம். அதில் பதினாறு நிரந்தர ஆசிரியருக்கு. மிச்சம் பதினாறு இருக்கும்வரை அவருக்கு வேலை. மிச்சம் இல்லையென்றால் ஹனூர் பஸ்.

அந்த ஆண்டை 'சாதனை ஆண்டு' என்று பல்கலைக்கழகம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. சாதனைகள் பிறகு வந்து சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. தரமதிப்பீட்டுக் குழு வரப்போவதாகப் பேச்சு. ஆகவே எல்லோரும் மளமளவென்று சாதிக்கத் தொடங்கினோம். முன்வாசலுக்குப் புதிய வளைவு வந்தது. வெளிநாட்டுக் கல்வியாளர்கள் வந்து, முந்தைய வருஷத்து வெளிநாட்டுக் கல்வியாளர்கள் செடி நட்ட அதே குழியில் செடி நட்டார்கள். விடுதிக் குப்பைமேட்டுக்கு வழக்கமாக வரும் நான்கு மயில்கள் பல்லுயிர்ப் பெருக்கம் என்ற தலைப்பில் ஏறிக்கொண்டன. எங்கள் வளாகத்தில் அந்த ஆண்டு எதையும் செய்யாமல் சாதித்தவை அந்த மயில்களும் நானும்தான்.

இவையெல்லாவற்றையும் தொகுத்து ஒரு மலர் வெளியிட வேண்டும் என்று துணைவேந்தர் முடிவு செய்தார். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சம்பளமில்லாமலேயே இட்டுக்கட்டி எழுதுகிறவன், சம்பளத்துக்கு எழுதினால் இன்னும் நன்றாக எழுதுவான் என்று அவர் நினைத்திருக்கலாம். தவறில்லை.

எங்கள் இடத்தில் எது நிகழ்ச்சி, எது நிகழ்ச்சி இல்லை என்பதற்குத் தெளிவான இலக்கணம் உண்டு. பேனர் இருக்க வேண்டும். குத்துவிளக்கு இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிரந்தர ஆசிரியர் ஒருவர் கையில் மெழுகுவத்தியோடு நிற்கிற புகைப்படம் இருக்க வேண்டும். நிகழ்ச்சி இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. எங்கள் பிரிவின் பேனரில் தேதி இருக்கும் இடத்தை மட்டும் வெற்றாக அச்சடித்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு தாள் ஒட்டிக்கொள்ளலாம். விளக்கைக் கொண்டுவருகிற கடைநிலை ஊழியர் வாசலில் நின்று, "எண்ணெ ஊத்தியா, ஊத்தாமயா சார்?" என்று கேட்பார். துணைவேந்தர் வந்தால் ஊற்றி. மற்றவர்களுக்கு, படம் எடுக்கிற நேரத்துக்குத் திரி நனைந்தால் போதும்.

இதில் அந்த அம்மையாரிடம் ஒரு குறை இருந்தது. அவர் உண்மையாகவே வேலை செய்தார்.

மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் எழுத்து வகுப்பு நடத்தினார். தொழிற்சாலைகளிலும் கணினி நிறுவனங்களிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரிந்தது கன்னடமும் ஆங்கிலமும். பாட்டி அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தியைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறவர்கள். நாற்பது பேர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்தார்கள். இன்னொரு வேலை, கையேடு. ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் விவசாயிகள் பயிர்க் காப்பீட்டுக்கும் ரேஷன் அட்டைக்கும் கன்னடப் படிவங்களை வைத்துக்கொண்டு அல்லாடுவதைப் பார்த்து, ஒரு பக்கம் படிவத்தின் கேள்வி, எதிர்ப்பக்கம் தமிழில் அதற்கு என்ன எழுத வேண்டும் என்ற விளக்கம், இப்படி ஒரு புத்தகம் தயாரித்தார். தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் ஜனங்கள் தடுமாறுகிறார்கள் என்று குறித்து வைத்துத் தயாரித்தது. ஊரில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அவரைத்தான் எங்கள் படிவத்தில் நிரப்ப முடியவில்லை. சாதனைகளைப் பதிவேற்றும் இணையதளத்தில் முதல் கட்டமே 'பணியாளர் எண்'. விருந்தாளிகளுக்கு எண் கிடையாது. எண் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் திரை சிவப்பாகும். இது எல்லாத் துறையிலும் உள்ள சங்கடம். எல்லாத் துறையிலும் ஒரே தீர்வு. விருந்தாளி செய்ததை வீட்டுக்காரர் பெயரில் போட்டுவிடுவது.

சரி, பதிவேற்றாமலே விட்டுவிடலாம் என்று நான் இழுத்தேன். அப்படி இழுப்பது என் மனசாட்சிக்கு நல்லது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தவரும் அந்த அம்மையார்தான்.

"உங்க நம்பரையே போட்டுக்கறேனுங்க சார். பிரிவுல வேலையே நடக்கலைன்னு எழுதிப்போட்டாங்கன்னா அப்புறம் எனக்குத்தானுங்க கஷ்டம்" என்றார்.

அது நியாயமாகப் பட்டது. என் பணியாளர் எண் எனக்கு நினைவில்லை, அவருக்கு மனப்பாடம். அவரே அடித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மலரை எழுதுகிறவன் நான். விவரங்களை எழுதிக்கொண்டு போகையில் எனக்கே ஒரு லயிப்பு வந்துவிட்டது. 'ஓய்வு நாட்களையும் பாராது', 'தனியொருவராக', 'இருமொழி மக்களிடையே இடையறாது உழைத்து' என்றெல்லாம் எழுதினேன். அவர் செய்த வேலையைக் குறைத்து எழுதினால் அவருக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்தேன். எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் இருந்ததை நான் மறந்தே போனேன். புகைப்படங்களிலும் நடுவில் நான்தான். திறப்பு நாளன்று ஹெப்பாளுக்குப் போய் விளக்கேற்றிப் படம் எடுத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ் பிடித்துவிட்டேன். போக முடியாத நாட்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு, அதே பேனர், வேறு தேதித் தாள், சட்டை மாற்றிக்கொண்டு ஒரே மத்தியானத்தில் ஆறு படம் எடுத்துக்கொள்வது என்பது வளாகம் முழுக்க ஒப்புக்கொண்ட விடை. நான் நான்கு சட்டைதான் கொண்டுபோயிருந்தேன். மீதி இரண்டு படங்களில் சால்வை.

மலர் வெளியீட்டு விழாவில் 'சிறந்த ஒருங்கிணைப்பாளர்' என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தலையில் மைசூர் பேட்டா என்ற ஜரிகைத் தலைப்பாகை வைத்தார்கள். அது கண்ணாடிவரை இறங்கியதால், கைதட்டியவர்களை நான் பார்க்கவில்லை. பழக்கூடை, சால்வை, கேடயம். அறைக்குத் திரும்பியதும் பழக்கூடையை அந்த அம்மையாரிடம் கொடுத்தேன். இரண்டு ஆரஞ்சு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என் மேசையிலேயே வைத்துவிட்டார். அதைப் பெருந்தன்மை என்று நான் எடுத்துக்கொண்டேன். கேடயம் வாங்கின அன்று மனிதனுக்கு எல்லாம் அப்படித்தான் தோன்றும்.

ஜூன் இரண்டாம் வாரம் கடிதம் வந்தது. யாருக்கு எத்தனை மணி நேரப் பாடம் என்று பங்குபோடுகிற பணிநேரக் குழு எங்கள் மலரைக் கவனமாகப் படித்திருந்தது. நான் எழுதியதை இவ்வளவு அக்கறையோடு இதுவரை யாரும் படித்ததில்லை. ஒரே ஆசிரியர் தனியொருவராக, ஓய்வு நாட்களையும் பாராது, இத்தனை பணிகளை முடித்திருக்கும்போது, முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் பதினாறு மணி நேரத்தில் பாடத்தை முடிப்பது அவருக்கு ஒன்றும் கடினமில்லை என்று குழு கருதுகிறது. ஆகவே தமிழ்ப் பிரிவுக்கு இவ்வாண்டு அதிதி உபன்யாசகர் தேவையில்லை. என் வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள்.

அம்மையார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கொள்ளேகாலில் ஒரு தனியார் பள்ளி அவரை மூன்றாம் வகுப்புக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று வியாழன். முனைவர் பட்டத்தை மடித்து வைத்துவிட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போக அவருக்கு விருப்பமில்லை என்பது எனக்குத் தெரியும்.

"நல்லாத்தானுங்க சார் எழுதியிருக்கறீங்க" என்றார். "படிச்சா எனக்கே, இந்த அம்மா எதுக்கு வேண்டிக் கெடக்குதுன்னு தோணுதுங்க."

மறுநாள் காலை துணைப் பதிவாளரைப் பார்க்கப் போனேன். பணிநேரக் குழுவின் செயலாளர் அவர்தான். கன்னடக்காரர்; நல்ல மனிதர்; எதிரில் இருப்பவர் பேசும்போது கோப்பில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் மட்டும் உண்டு. எங்கள் உரையாடல் கன்னடத்தில் நடந்தது. தமிழில் தருகிறேன், வழியில் கொஞ்சம் கிண்டல் சிந்தியிருக்கலாம்.

அந்த வேலைகள் எதையும் நான் செய்யவில்லை என்றேன். எல்லாப் பெரிய மனிதர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். நான் பெரிய மனிதனில்லை, சோம்பேறி என்றேன். என் அடக்கத்தைப் பற்றித் துணைவேந்தரே பேசியதாகச் சொன்னார். முப்பது வருஷமாக நான் ஒழுங்காக வேலை செய்வதாக நிரூபிக்க அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறேன்; யாரும் நம்பியதில்லை. இப்போது செய்யவில்லை என்று நிரூபிக்கப் போனால் அதையும் நம்பவில்லை.

மலரை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பினார்.

"இது யாரு?"

"நான்தான்."

"கையில என்ன?"

"மெழுகுவத்தி."

"அப்புறம்?"

"ஏத்திட்டுக் கிளம்பிட்டேன் சார்."

"கிளம்பினது போட்டோல தெரியலையே."

கடைசி ஆயுதமாக என் விடுப்பு விண்ணப்பங்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். மலரின்படி இரண்டு சனிக்கிழமைகளில் நான் ஹெப்பாளில் இடையறாது உழைத்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தின்படி அதே இரண்டு நாட்களும் பெங்களூரில், மைத்துனன் மகள் நிச்சயதார்த்தமும் அதற்கடுத்து வயிற்றுக் கோளாறும். அவர் முதல் தடவையாகக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இதை வேறு யாரிடமாவது காட்டினேனா என்று கேட்டார். இது உண்மையென்றால் மலர் பொய். மலர் பொய்யென்றால் பதிவேற்றியது பொய். எங்கள் பிரிவில் தோண்ட ஆரம்பித்தால் எல்லாப் பிரிவிலும் தோண்ட வேண்டிவரும். தரமதிப்பீட்டுக் குழு அடுத்த மாதம் வருகிறது. இணையதளமும் பூட்டியாகிவிட்டது, இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. விண்ணப்பங்களை ஒரே விரலால் என் பக்கம் தள்ளி, "பிடி சார்" என்றார். கன்னடத்தில் அதற்கு விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

நான் விட்டிருக்கக் கூடாது. வெளியே வந்து பணிநேரக் குழுவின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, இவையெல்லாம் இந்தப் பெண்மணி செய்தவை, நான் விளக்கேற்றியவன் மட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கான தாளும் பேனாவும் என் பையில் இருந்தன. விசாரணை என்ற சொல் கூடவே வந்து நின்றுகொண்டது. நாற்காலியைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மையாருக்கு வேறு வழி ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டேன். அதையும் அடக்கம் என்றே அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

வழி இருந்தது. எங்கள் விதிகளில், உண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. நிர்வாகப் பதவி வகிக்கிற ஆசிரியருக்குப் பாட நேரத்தில் வாரத்துக்கு எட்டு மணி நேரம் தள்ளுபடி. விரிவாக்கப் பணி மையத்துக்கு இயக்குநர் இல்லை. மையம் என்றால், கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருக்கும் அறை. பலகை மட்டும் புதியது. அதை நான் ஏற்றுக்கொண்டால் எட்டு மணி நேரம் காலியாகும், அதற்கு அதிதியை நியமிக்கலாம். எட்டு மணி நேரத்துக்கு யார் ஹனூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்குவார்கள் என்று கேட்டேன். அவர் பட்டியலைப் புரட்டினார். ஆவணப் பிரிவுக்கும் பொறுப்பாளர் இல்லை. அடுத்த சாதனை மலர் அந்தப் பொறுப்பில்தான் வரும். அதற்கும் எட்டு.

இரண்டையும் எடுத்துக்கொண்டால் என் பதினாறு மணி நேரமும் போய்விடும்.

"பாடமே எடுக்க வேண்டாம் சார். நிம்மதி" என்று கைகொடுத்தார்.

எனக்கு ஒரு வகுப்பு பிடிக்கும். திங்கட்கிழமை முதல் மணி, உரைநடை. கன்னடப் பள்ளிகளில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறிப் படிப்பார்கள். முற்றுப்புள்ளிக்கு வந்து சேரும்போது அவர்கள் முகத்தில் வருகிற ஆசுவாசத்தைப் பார்ப்பதற்காகவே நான் அன்று மட்டும் நேரத்துக்குப் போவேன். என் கட்டுரைகளில் உள்ள பாதி வேடிக்கைகளை முதலில் அங்கேதான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் துணைப் பதிவாளரிடம் சொல்லவில்லை. சொன்னால் மலரில் சேர்க்கச் சொல்வார். இரண்டு ஒப்புதல் கடிதங்களிலும் கையெழுத்துப் போட்டேன்.

மாடியேறி வந்து அம்மையாரிடம் விஷயத்தைச் சொன்னேன். பதினாறு மணி நேரமும் அப்படியே அவருக்குக் கிடைக்கும், நியமனக் கடிதம் சனிக்கிழமை வரும் என்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். அவர் அலமாரியிலிருந்து தன் புத்தகங்களை இறக்கி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"நெசத்தச் சொல்றேன்னு போயிட்டு, பதவி வாங்கிட்டு வந்திருக்கறீங்களே சார்" என்றார்.

நான் ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.

"ஒண்ணில்ல, ரெண்டு" என்றேன். இப்படிப்பட்ட நேரங்களில் என் வாயிலிருந்து வேடிக்கைதான் வருகிறது. அது எனக்கு ஒரு நோய்.

அவர் சிரிக்கவில்லை. வேலை எனக்கு வேணுமுங்க, அதனால் ஒப்புக்கொள்கிறேன் என்றார். கையேட்டை இனிமேல் துறைக்குக் கொடுக்கப்போவதில்லை. இரண்டாம் பதிப்பை ஹனூரில் அவரே அச்சடித்துக்கொள்வார். சனிக்கிழமை வகுப்புக்கு விளக்கும் வேண்டாம், பேனரும் வேண்டாம், நானும் வேண்டாம். "நாங்க பாட்டுக்குப் படிச்சுக்கறோமுங்க." பிறகு பெட்டியிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். நான் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். வரிசை தப்பாகக் கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது; நான் திரும்பியதும் மாற்றி வைத்தார்.

கொள்ளேகால் பள்ளிக்கு அன்றே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது குரலில் இருந்த தயக்கத்தைக் கேட்டேன். அங்கே போயிருந்தால் பணியாளர் எண் கொடுத்திருப்பார்கள்.

இப்போது நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். பல்கலைக்கழக ஆவணங்களின்படி தமிழ்ப் பேராசிரியர் வாரத்துக்குப் பூஜ்ஜியம் மணி நேரம் பாடம் எடுக்கிறார். தமிழ்ப் பாடம் முழுவதையும் அந்த அம்மையார் எடுக்கிறார். என்னைப் பற்றி அவர்கள் பதிவு செய்த விவரங்களில் இது ஒன்றுதான் சுத்தமான உண்மை.

போன திங்கட்கிழமை காலை கால் தானாக மூன்றாவது மாடிக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டுப் பிள்ளைகளும் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு பெண் பத்தியொன்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மையார் இடையில் என்னவோ சொன்னார்; வகுப்பே சிரித்தது. நான் என்ன வேடிக்கை சொல்லியும் வாங்காத மாதிரியான சிரிப்பு. என்ன சொன்னார் என்று கேட்க ஜன்னலோரம் இன்னும் கொஞ்சம் நெருங்கினேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கதவருகே வந்தார்.

"ஏதாச்சும் வேணுமுங்களா சார்?"

ஒன்றுமில்லை என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள். அவள் முற்றுப்புள்ளிக்கு வந்து சேருகிறவரை, யார் கண்ணிலும் படாதபடி படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்துவிட்டு இறங்கினேன்.